இன்னும் நூறு அடி

ஆகஸ்ட் 3, திங்கள்

இன்று புதிதாக ஒருவர் சேர்ந்தார். அங்கமுத்து, வயது நாற்பத்து நான்கு, திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் வண்டியில் வேலை. இந்தக் குடி மறுவாழ்வு இல்லத்துக்கு இது அவருடைய மூன்றாவது வருகை. ஒவ்வொரு முறையும் முப்பது நாள் இருந்துவிட்டு நல்லவராக வெளியே போனாராம். முதல் முறை ஐந்து வாரம் தாங்கியது. அடுத்த முறை மூன்று.

மனைவி தங்காயி படிவத்தில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.

"இதுதானுங்க மேடம் கடைசி. செப்டம்பர் ரெண்டாந்தேதி வருவேன். ஆளு மாறியிருந்தாக் கூட்டிட்டுப் போறேன். இல்லீன்னா நீங்களே வெச்சுக்குங்க."

"மாறினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருபத்திரண்டு வருசம் குடித்தனம் பண்ணியிருக்கறேன். தெரியாமப் போவுமா?"

ஈரல் பரிசோதனை முடிவைப் பார்த்த மருத்துவர், இன்னொரு முறை என்று ஒன்று கிடையாது என்றார். அங்கமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

எனக்கு இங்கே இது மூன்றாவது மாதம். ஆலோசகர். என் எம்.ஃபில். ஆய்வேட்டின் தலைப்பு 'சிகிச்சையில் உருவகம்'. நூற்று நாற்பது பக்கம். வலிக்காமல் உண்மை நுழைகிற வாசல் உருவகம் என்று அதில் எழுதியிருந்தேன். நல்ல மதிப்பெண்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

அங்கமுத்துவுக்கு நடுக்கம் வர வேண்டிய அளவுக்கு வரவில்லை. கழிப்பறைக்குப் போய் பிளஷ் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். குவார்ட்டர் பாட்டில், கழுத்தில் நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"எப்படி மேடம் நேரா அங்க போனீங்க?" என்றார் ரஷீத். டெய்லர். இங்கே ஐந்து நாளாக இருக்கிறார், எல்லாவற்றையும் கேட்பார்.

"புத்தகத்தில் இருக்கிறது."

எந்தப் புத்தகம் என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

அம்மா போன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 6, வியாழன்

இல்லத்துக்கென்று ஒரு கதைக் கையேடு உண்டு. இருபது கதைகள், எண் போட்டு. தினமும் ஒரு கதை சொல்லி, படிவத்தில் கதை எண்ணும், கேட்டவரிடம் தெரிந்த மாற்றத்தை ஒன்றிலிருந்து ஐந்துக்குள்ளும் எழுத வேண்டும். இயக்குநர் சபாபதி சாரின் ஏற்பாடு. அவரும் ஒரு காலத்தில் குடித்தவர். "என்னைக் காப்பாத்துனது நாலாம் நம்பர் கதைதாம்மா" என்பார். கேலியாக எழுதவில்லை. அவர் பதினெட்டு வருடமாகக் குடிக்கவில்லை.

நான்காம் எண்: தலையில் விறகுக் கட்டோடு ஊரெல்லாம் நிழல் தேடி அலைந்தவனின் கதை. சொன்னேன். கட்டை இறக்கி வைத்தால் போதும், அவன் நிற்கும் இடமே நிழல்தான் என்று முடித்தேன்.

"வெறகு ஈரமாங்க, காஞ்சதாங்க?" என்றார் அங்கமுத்து.

"அது முக்கியமா?"

"சொமக்கறவனுக்கு முக்கியமுங்க."

மாற்றம்: 1.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். ரசம் வைத்தேன். அம்மாவிடமிருந்து செய்தி: அப்பாவின் திவசம் இருபத்தெட்டாம் தேதி, மாயவரம் வருவாயா. வேலை இருக்கிறது என்று பதில் போட்டேன். வேலை இருக்கத்தான் செய்கிறது.

ஆகஸ்ட் 12, புதன்

கையேட்டை மேசையிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஆளுக்கேற்ற கதை, அவருடைய தொழிலிலிருந்தே. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் முழுக்க இதுதான். நேற்று மாலை உட்கார்ந்து எழுதினேன்.

ஒரு விவசாயி. போர் போடுகிறான். அறுநூறு அடி போயும் தண்ணீர் இல்லை. மனம் உடைந்து நிறுத்திவிடுகிறான். பக்கத்துக் காட்டுக்காரன் (இங்கே புன்செய் நிலத்தைக் காடு என்கிறார்கள்) அதே நீரோட்டத்தில் இன்னும் பத்து அடி கூடுதலாகப் போகிறான். தண்ணீர் பீறிடுகிறது.

நான் முடிப்பதற்குள் அங்கமுத்து சிரித்தார். வந்து ஒன்பது நாளில் முதல் சிரிப்பு. தோள் குலுங்கியது. இருமினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். இந்தக் கதைய நாந்தானுங்க சொல்லுவேன்."

"யாரிடம்?"

"காட்டுக்காரங்ககிட்ட. வெறும் புழுதியா வரும். அந்தாளு போதும் நிறுத்துங்கம்பான். அடிக்கணக்குலதான் எங்களுக்குக் கூலி. அப்ப வண்டி ஓனரு என்னயப் பாப்பாரு. நான் போயிப் பக்கத்துல நின்னு, இப்படித்தானுங்க போன மாசம் ஒருத்தரு நிறுத்திப்போட்டாரு, பத்தே அடியில தண்ணியக் கோட்டை விட்டுட்டாரு, இன்னும் நூறு அடி போட்டுப் பாத்தர்லாமுங்கன்னு சொல்லுவேன். நீங்க சொன்னதவிட நல்லாச் சொல்லுவேன். அந்தப் பக்கத்துக் காட்டுக்காரனுக்குப் பேரெல்லாம் வெச்சுருக்கேன்."

"அப்படி ஒருவர் உண்மையில் இருந்தாரா?"

"இல்லீங்க."

ரஷீத் அப்பால் இருந்து, "மேடம், அண்ணன் உங்களுக்கே கிளாஸ் எடுத்துட்டாரே" என்றார்.

மாற்றம் என்ற கட்டத்தில் என்ன எண் போடுவதென்று தெரியவில்லை. யாருடைய மாற்றம்?

ஆகஸ்ட் 13, வியாழன்

மூன்றாம் இயலைத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு மனிதர்கூட இல்லை.

ஆகஸ்ட் 17, திங்கள்

இன்று நான் எதுவும் சொல்லவில்லை. கேட்டேன். "தண்ணீரே வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?"

"கேசிங் பைப்ப உருவிக்குவமுங்க. மேல மண்ணு சரியாம இருக்க எறக்கற பைப்பு. நல்ல வெலை. தண்ணி வந்த போருல விட்டுருவோம். வராத போருல விட்டா நட்டம்னு ஓனரு உருவச் சொல்லிருவாரு. அதயே அடுத்த எடத்துல எறக்குவோம்."

"குழி?"

 கைவிரல்களை விரித்து ஒரு சாண் அளவு காட்டினார். அவ்வளவு அகலம்.

"மூடோணுமுங்க. சட்டமே இருக்குது. ஆனா அன்னிக்கே அடுத்த ஊருல போர் போடற பாயிண்ட் காத்துக்கிட்டிருக்கும். சாக்கப் போட்டு மேல ஒரு கல்ல வெச்சுட்டுக் கெளம்பிருவோம். காட்டுக்காரன் மூடிக்குவான்னு நெனைப்போம். அவன் எங்க மேல இருக்கற கோவத்துல அந்தப் பக்கமே போவ மாட்டான்."

இரண்டு வருடத்துக்கு முன் ராசிபுரம் தாண்டி பஸ்ஸில் போயிருக்கிறார். ஆனைக்கல்மேடு என்று ஓர் ஊர். முன்பு அவருடைய வண்டி தொள்ளாயிரம் அடி போட்டுத் தோற்ற காடு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அங்கே செங்கல் சூளை. சூளை ஆட்களின் குடிசைகள், வரிசையாக. ஒரு குழந்தை டயர் உருட்டிக்கொண்டு ஓடியது.

"எறங்கியிருக்கோணுமுங்க. எறங்கல. அடுத்த ஸ்டாப்புல எறங்கிக் கடைக்குப் போனேன்."

"யாரிடமாவது சொன்னீர்களா?"

"ஓனருகிட்டச் சொன்னேன். வாயத் தொறந்தா மொத கேசு உம்மேலதான்னாரு."

"அப்புறம்?"

"பேப்பர் படிக்கறத நிறுத்திட்டேனுங்க."

ஆகஸ்ட் 18, செவ்வாய்

குழுக் கூட்டத்துக்கு சபாபதி சார் வந்திருந்தார். நேற்றைய என் குறிப்பைப் படித்திருக்கிறார். முகம் மலர்ந்திருந்தது.

"அங்கமுத்து, எல்லார் மனசுலயும் ஒரு குழி இருக்குப்பா. மூடாம விட்ட குழி. அதுல நாமதான் திரும்பத் திரும்ப விழறோம். அந்தக் குழிய இன்னிக்கே மூடு. கண்ண மூடிக்க. ஒவ்வொரு கூடையா மண்ணப் போடு."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். அங்கமுத்து மூடவில்லை.

"அந்தக் குழி மனசுல இல்லீங்க சார்" என்றார். "ஆனைக்கல்மேட்டுல இருக்குது."

கூட்டம் முடிந்ததும் சார் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "எதிர்ப்பு காட்றான். அடுத்து ஏழாம் நம்பர் கதையப் போடும்மா, அமுதினி."

"அவரை அங்கே அனுப்பலாம் சார். ஒரு நாள்."

"முப்பது நாள் முடியாம யாரும் வெளிய போகக் கூடாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்லயே கடை. ஓடிட்டான்னா?"

"ஊராட்சிக்கு ஒரு போனாவது செய்யலாம்."

"பண்ணலாம். ஆனா அவன் பிரச்சினை குழி இல்லம்மா, குடி. குழி ஒரு குறியீடு. நீதான ஆராய்ச்சியே பண்ணியிருக்க?"

ஊராட்சி அலுவலகத்தின் எண்ணைத் தேடி எடுத்தேன். மூன்று முறை மணி அடித்தது. நான்காவது முறை எடுத்தவர், எந்தக் காடு, எந்த சர்வே எண், யார் பட்டா என்றார். எழுதித் தரச் சொன்னார்.

அந்தக் குழியில் வழுக்கக்கூடிய ஒரு குழந்தையின் காலை நான் குறியீடாக எழுதினால் எனக்கு மதிப்பெண் கிடைக்கும். ஒப்புக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 20, வியாழன்

வெளிச் செல்லும் பதிவேட்டில் எழுதினேன்: அங்கமுத்து, நாளை காலை ஆறு மணி, காரணம்: குழி மூட. உடன் செல்பவர்: அமுதினி. பொறுப்பு: அமுதினி. மருத்துவமனை என்று எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அப்படி எழுத மனம் வரவில்லை.

ஆகஸ்ட் 21, வெள்ளி

ராசிபுரத்தில் இறங்கி ஒரு பட்டறையில் இரும்புத் தகடு வெட்டி வாங்கினோம். இரண்டு அடிச் சதுரம். ஒரு மூட்டை சிமெண்ட். டவுன் பஸ் கண்டக்டர் மூட்டையைப் பார்த்து, "வீடு கட்றீங்களா, அண்ணனும் தங்கச்சியுமா?" என்றார்.  மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார்.

ஆனைக்கல்மேடு. பத்துப் பன்னிரண்டு குடிசைகள். அங்கமுத்து இறங்கியதும் வேகமாக நடந்தார். பிறகு வேகம் குறைந்தது. பிறகு நின்றுவிட்டார். அவர் மனதில் வைத்திருந்த வேப்பமரம் அங்கே இல்லை. சூளைக்கு வெட்டியிருப்பார்கள். ஒரு மணி நேரம் முள்ளுக்குள் நடந்தோம்.  

குடிசை வாசலில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அங்கமுத்து அவரைப் பார்க்கவில்லை, அவர் துவைத்துக்கொண்டிருந்த கல்லைப் பார்த்தார். சப்பட்டையான கருங்கல், ஓரத்தில் சிவப்புப் பெயிண்ட்.

"இந்தக் கல்லு எங்க கெடச்சுதுங்க?"

"அந்தப் பக்கம் சும்மாக் கெடந்துச்சுங்க. எடுத்தாந்தோம்."

"அது கீழ?"

"ஒரு சாக்கு. அப்பறம் பொந்து. பாம்புப் பொந்துன்னு நெனைக்கறோம். புள்ளைங்க அதுல கல்லப் போட்டு வெளையாடும். போட்ட கல்லு கீழ போயிச் சேரவே மாட்டேங்குதுன்னு ஒரே சிரிப்பு."

அங்கமுத்து குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண் எழுந்தார். "ஏனுங்க, என்னாச்சு?"

"புள்ளைங்க எத்தனை பேரு? எல்லாரும் இருக்கறாங்களா?"

"இருக்கறாங்க. எட்டுப் பேரு. ஏன் கேக்கறீங்க?"

"கூப்புடுங்க. நான் பாக்கோணும்."

அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எட்டுப் பேரும் வந்தார்கள். அங்கமுத்து ஒவ்வொருவரையும் விரல் நீட்டி எண்ணினார். இரண்டு முறை. பெரிய பெண் சலித்துக்கொண்டு, "ஸ்கூல் கணக்கெடுக்கவா வந்திருக்கீங்க?" என்றாள். அவள்தான் பொந்துக்கு வழிகாட்டினாள்.

ஒரு சாண். அதற்கு மேல் இல்லை. உள்ளே பார்த்தேன். இருட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. இந்த இடத்தில் உவமை எழுத வருகிறது. எழுத மாட்டேன்.

"முழுசா நெரப்ப லாரி மண்ணு வேணுமுங்க. இன்னிக்கு வாய அடைச்சர்லாம்." சுற்றிலும் ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டினார். நான் தண்ணீர் சுமந்தேன். தகட்டை இறக்கி, சூளை ஆட்கள் கொடுத்த உடைந்த செங்கல்லைப் பரப்பி, கலவை போட ஆரம்பித்தபோது ஒரு மொபெட் வந்து நின்றது. காட்டுக்காரர் வையாபுரி. யாரோ போன் செய்திருக்கிறார்கள்.

"யாருடா அது எங் காட்டுல?"

அங்கமுத்து நிமிர்ந்தார். வையாபுரி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நீ போர் வண்டிக்காரனல்ல?"

"ஆமாங்க."

"ஆறுநூத்துல நிறுத்துன்னேன். இன்னும் நூறு அடின்னு சொன்னது யாரு?"

"நாந்தானுங்க."

"ஏழுநூத்துல?"

"நாந்தானுங்க."

"எட்டுநூத்துல, எம் பொண்டாட்டி வந்து உங்கிட்டக் கை கூப்பிச்சே, போதும் சாமின்னு. அப்ப?"

"அப்பவும் நாந்தானுங்க."

"தண்ணி இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"இல்லேன்னு தெரியுமுங்க. ஐநூத்துலயே தெரியும்."

அறை விழுந்தது. துண்டு சிமெண்டில் விழுந்தது. நான் குறுக்கே போனேன். அங்கமுத்து என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு, துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கரண்டியைக் கையில் எடுத்தார்.

"காயறதுக்குள்ள பூசிப்போடோணுமுங்க. இன்னும் அடிக்கோணும்னா பூசி முடிச்சதும் அடிச்சுக்குங்க."

பூசினார். வையாபுரி மொபெட்டின் மேலேயே உட்கார்ந்து பார்த்தார்.   ஓரம் தேய்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. வையாபுரி வந்து குனிந்து பார்த்தார். காலால் தட்டப் போய், ஈரம் என்று காலை எடுத்துக்கொண்டார்.

"கெழக்கால எந் தம்பி காட்டுலயும் ஒண்ணு இருக்குது" என்றார். "அதும் உங்க வண்டிதான் போட்டுச்சு."

"நெனவில்லீங்களே."

"எனக்கு இருக்குது."

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை. நல்ல கூட்டம். அங்கமுத்து அதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"நான் பாக்கறத நீங்க பாக்காதீங்க மேடம். அது இன்னும் கஷ்டமா இருக்குது."

பார்வையைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க வீட்டுல குடிச்சது யாருங்க?" என்றார்.

"யாருமில்லை. அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக்."

"சரிங்க" என்றார். நான் கேட்டிராத அளவுக்கு மெதுவாக.

இல்லத்துக்கு ஏழு மணிக்குத் திரும்பினோம். இருவரும்.

ஆகஸ்ட் 22, சனி

கையில் கொப்புளம். சிமெண்ட் தோலை அரித்திருக்கிறது. நல்லது.

ஆகஸ்ட் 24, திங்கள்

விளக்கம் கேட்டுக் கடிதம். விதிமீறல், ஆபத்தை விளைவித்தல், அங்கீகாரம் இல்லாத சிகிச்சை முறை. மூன்று நாளில் பதில் தர வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் கொடுத்தேன். நான்கு வரி. "அது சிகிச்சை முறை இல்லை. குழி. அது திறந்திருந்தது. இப்போது மூடியிருக்கிறது. இன்னும் சில இருக்கின்றன; இந்த வாரமும் போக அனுமதி வேண்டும்."

அனுமதி மறுக்கப்பட்டது.

அங்கமுத்து நோட்டு கேட்டார். கொடுத்தேன். ஊர், காடு, அடையாளம் என்று நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுகிறார். ரஷீத் தையல் அளவெடுக்கிற பாவனையில் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, கோயிலுக்குத் தெக்கயா வடக்கயா? சரியாச் சொல்லு. ஒரு இஞ்சு தப்புனாலும் சட்டை வீணாயிரும்" என்று விரட்டுகிறார்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

மாயவரம் போக விடுப்பு எடுக்கவில்லை. மதியம் சாப்பிடவில்லை. பசி இல்லை, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

குடும்ப நாள். பந்தல், மைக், எலுமிச்சைச் சாதம். தங்காயி வரவில்லை. ரெண்டாந்தேதி என்றால் ரெண்டாந்தேதிதான்.

சபாபதி சார் மைக்கில் அறிமுகப்படுத்தினார்: "தன் மனதின் ஆழ்துளையைத் தானே மூடிய மனிதர் இப்போது பேசுவார்." கோபத்தை மறந்துவிட்டார். அவருக்கு இருபத்தோராவது கதை கிடைத்துவிட்டது. அதில் பொய் எதுவும் இல்லை என்று அவர் நம்புவது முகத்தில் தெரிந்தது.

அங்கமுத்து மைக்கைப் பிடித்தார். "வணக்கமுங்க. நான் திருந்தின கதையச் சொல்லச் சொன்னாங்க. திருந்திட்டனான்னு தெரியலீங்க. வேற ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க." நோட்டைப் பிரித்தார். "குரும்பக்காடு. மாரியம்மன் கோயிலுக்குத் தெக்கால மூணாவது காடு. எழுநூத்தம்பது அடி. வாய் தொறந்திருக்குது. செட்டிப்பள்ளம். தண்ணித் தொட்டிக்குப் பின்னால. ஆயிரத்து நூறு அடி. சாக்குதான் போட்டிருக்கோம்."

சார் எழுந்து அருகே வந்தார். "போதும் அங்கமுத்து. அப்புறமா எழுதிக் குடுக்கலாம்."

"இவங்கெல்லாம் அந்தப் பக்கத்து ஊர்க்காரங்க சார். எழுதிக் குடுத்தா பீரோவுல இருக்கும்."

சார் மைக்குக்குக் கை நீட்டினார். நான் எழுந்து இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். சும்மா நின்றேன்.  அங்கமுத்து அடுத்த ஊரைப் படித்தார்.

நான்காவது வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். மகனைப் பார்க்க வந்தவர், மடியில் சாப்பாட்டுத் தட்டு. "செட்டிப்பள்ளம் தொட்டிக்குப் பின்னாலயா? மேற்கயா, கெழக்கயா?"

"மேற்கங்க. ஒத்தப் பனை இருக்கும்."

"அங்கதான் எங்க ஆடு மேயுது" என்று சொல்லிக்கொண்டே அவர் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

சபாபதி சார் கையை இறக்கிக்கொண்டார். ஏழு ஊரும் படித்து முடிகிறவரை என் பக்கத்திலேயே நின்றார். பிறகு என்னிடம் மட்டும் கேட்கும்படி, "நாளைக்கு இருபது கதையிலயும் ஊர் பேரு கேப்பானுங்க" என்றார். திட்டினாரா என்று இன்னும் தெரியவில்லை.

செப்டம்பர் 2, புதன்

ஒன்பதரை மணிக்குத் தங்காயி வந்தார். உட்காரவில்லை.

"என்னங்க மேடம், மாறிட்டாராமா?"

"எனக்குத் தெரியவில்லை" என்றேன். ஆலோசகர் சொல்லக் கூடாத பதில்.

அங்கமுத்து பையோடு வந்து நின்றார். தங்காயி அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். கன்னத்தில் ஒரு பழுப்புத் தடம் இன்னும் ஆறவில்லை.

"மொத தடவ வீட்டுக்கு வந்தப்ப எங்கிட்ட ஏதோ வெறகுக் கதை சொன்னீங்க. அடுத்த தடவ எறும்புக் கதை. இந்தத் தடவ என்ன கதை?"

"கதை இல்ல."

"பின்ன?"

அவர் ஆனைக்கல்மேட்டைச் சொன்னார். குழந்தைகளை எண்ணியதைச் சொன்னார். அறை வாங்கியதையும், ஓனர் மிரட்டியதையும், இரண்டு வருடத்துக்கு முன் பஸ்ஸிலிருந்து இறங்காததையும் சொன்னார். அலங்காரமில்லாமல், வரிசைகூடச் சரியில்லாமல். தங்காயி ஒரு இடத்திலும் தலையாட்டவில்லை.

"இனிமேக் குடிப்பீங்களா?"

"தெரியல தங்காயி. நாளைக்குச் செட்டிப்பள்ளம் போறேன். அங்க குடிச்சுட்டுப் போவ முடியாது. கை நடுங்குனாத் தகடு ஒக்காராது."

"மொத்தம் எத்தனை குழி?"

"நெனவுல இருக்கறது ஏழு."

"நெனவுல இல்லாதது?"

அங்கமுத்து தரையைப் பார்த்தார். பதினாறு வருடம் வண்டியில் வேலை. பாதி நாள் போதை. நானும் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியிலேயே விட்டுவிட்டேன்.

தங்காயி காத்திருந்தார். பதில் வராது என்று தெரிந்ததும், குனிந்து அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார்.

"அப்ப ரொம்ப நாளாவும்" என்றார். "நடங்க. ஒம்பதே முக்கால் பஸ்ஸ விட்டா மத்தியானந்தான்."